தோற்றவருக்குப் போட்ட ஓட்டு எங்கே போகிறது?

என் அம்முச்சிக்கு ஓட்டுப் போடும் விஷயத்தில் ஒரே ஒரு கொள்கைதான். (கொங்கு பக்கம் அம்மாவின் அம்மாவை அம்முச்சி என்போம்.) தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, யார் ஜெயிப்பார் என்று விசாரிக்க ஆரம்பிப்பார். பால் சொசைட்டியில் இரண்டு பேர், ரேஷன் கடையில் ஒருவர், கடைசியாகப் பக்கத்து வீட்டு அக்கா. எல்லோரும் யார் பெயரைச் சொல்கிறார்களோ, அம்முச்சி ஓட்டு அவருக்குத்தான்.

"தோக்கறவருக்குப் போட்டா என்ற ஓட்டு வீணாப் போயிரும்ல கண்ணு?"

அம்முச்சி ஊர் மொடக்குறிச்சி பக்கம். பெயரைக் கேட்டதும் பெரியவர்களுக்கு ஞாபகம் வந்திருக்கும். 1996 சட்டமன்றத் தேர்தலில், எங்கள் கோரிக்கையை யாரும் காதில் வாங்கவில்லை என்று விவசாயிகள் கொத்துக் கொத்தாக மனு தாக்கல் செய்து, 1033 பேர் போட்டியிட்ட தொகுதி. தேர்தலையே தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. ஓட்டுச் சீட்டைப் புத்தகமாக அச்சடித்தார்கள். "பஞ்சாங்கம் தோத்துச்சு போ! புரட்டிப் புரட்டிக் கையி நொந்துபோச்சு" என்று அம்முச்சி இன்னமும் சொல்வார். அப்போது 250 ரூபாயாக இருந்த சட்டமன்ற டெபாசிட் தொகை அதே வருடம் 5,000 ஆனது.

அந்த 1033 பேரில் அம்முச்சி யாருக்குப் போட்டார்? "ஜெயிச்சவருக்குத்தான்!"

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது வேறொரு கதை வெளியே வந்தது. எந்தத் தேர்தல் என்று சொல்லவில்லை. வாய்க்கால் தண்ணீருக்காக அலையாய் அலைந்த உள்ளூர்க்காரர் ஒருவர் சுயேச்சையாக நின்றாராம். அம்முச்சியின் காட்டுக்குத் தண்ணீர் வந்ததே அவரால்தானாம். அவருக்குப் போட வேண்டும் என்றுதான் பூத்துக்குள் போயிருக்கிறார். ஆனால், "அவரு எங்க ஜெயிக்கப்போறாரு"ன்னு வழக்கம்போல வேறு சின்னத்தில் குத்திவிட்டு வந்துவிட்டார். மறுநாள் அந்த மனிதர் எதிரே வந்தபோது நிமிர்ந்து முகம் பார்க்க முடியவில்லையாம்.

"மனசுல ஒருத்தரு, கையில ஒருத்தரு. அப்படித்தான சாமி ஓட்டுப் போட முடியுது?"

வேறு வழி இல்லையா என்று கேட்டார். இருக்கிறது. உலகத்தில் பல நாடுகள் இதே கேள்வியைக் கேட்டு, ஓட்டு எண்ணும் முறையையே மாற்றிப் பார்த்திருக்கின்றன. அதுதான் இந்த வாரம்.

ஓட்டு எத்தனை என்பதல்ல, எங்கே என்பது

நம் முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு தொகுதி, ஒரு ஓட்டு, அதிகம் வாங்கியவர் வெற்றி. பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அடுத்தவரைவிட ஒரே ஒரு ஓட்டு கூடுதலாக இருந்தால் போதும். பிரிட்டனில் இருந்து வந்த ஏற்பாடு. எண்ணுவது சுலபம், மத்தியானத்துக்குள் யார் முதலமைச்சர் என்று தெரிந்துவிடும்.

ஆனால், தொகுதி தொகுதியாக ஜெயித்தால்தான் கணக்கு என்பதால் சில சமயம் கூட்டல் கழித்தல் விநோதமாக வரும். 2014 நாடாளுமன்றத் தேர்தலில் பகுஜன் சமாஜ் கட்சி நாடு முழுக்க வாங்கியது சுமார் 2.29 கோடி ஓட்டு. கிடைத்த இடம்? பூஜ்ஜியம். அதே தேர்தலில் அ.தி.மு.க வாங்கியது சுமார் 1.81 கோடி. கிடைத்த இடம் 37. ஒரு கட்சியின் ஓட்டு பல மாநிலங்களில் சிதறிக்கிடந்தது, இன்னொரு கட்சியின் ஓட்டு ஒரே மாநிலத்தில் திரண்டிருந்தது. தமிழ்நாட்டுக்குள் பார்த்தாலும், நூற்றுக்கு 23 பேருக்கு மேல் ஓட்டுப் போட்ட தி.மு.க-வுக்கு அந்த முறை ஒரு எம்.பி-கூட இல்லை.

தாய்வீடான பிரிட்டனில் 2024-ல் நடந்ததும் இதுதான். தொழிலாளர் கட்சிக்கு விழுந்தது 33.7 சதவிகித ஓட்டு. 650-ல் 411 இடம் கிடைத்தது. ரிஃபார்ம் கட்சிக்கு 41 லட்சம் ஓட்டு, 5 இடம். லிபரல் டெமாக்ரட்களுக்கு அதைவிடக் குறைவாக 35 லட்சம் ஓட்டு, 72 இடம். இதை யாரும் மோசடி என்று சொல்ல முடியாது. எல்லா ஓட்டும் சரியாகத்தான் எண்ணப்பட்டன.

பக்கத்து வீட்டில் நடந்த பாடம்

இந்தக் கணக்கு ஒரு நாட்டின் தலைவிதியையே திருப்பிப்போட்ட கதை வேண்டுமென்றால் இலங்கையைப் பார்க்கலாம். எனக்கு இந்தக் கட்டுரைக்காகப் படித்ததில் தூக்கம் கெட்டது இந்தப் பகுதியில்தான்.

1970 தேர்தல். அப்போது அங்கேயும் நம் முறைதான். ஐக்கிய தேசியக் கட்சி வாங்கியது 37.9 சதவிகிதம். சுதந்திரக் கட்சி வாங்கியது 36.9 சதவிகிதம். அதாவது முதல் கட்சிக்குத்தான் ஓட்டு அதிகம். ஆனால், 151 இடங்களில் அதற்குக் கிடைத்தது 17. சுதந்திரக் கட்சிக்கு 91. இடதுசாரிகளோடு தொகுதி பிரித்துக்கொண்டு நின்றதும் சேர்ந்து, சிறிமாவோ பண்டாரநாயக்க அபார பலத்தோடு ஆட்சிக்கு வந்தார்.

அடுத்த தேர்தல் 1977. இப்போது காற்று திரும்பியது. ஜே.ஆர்.ஜெயவர்த்தன தலைமையில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு ஏறத்தாழ 51 சதவிகித ஓட்டு. 168-ல் 140 இடம். ஆளுங்கட்சியாக இருந்த சுதந்திரக் கட்சிக்குக் கிட்டத்தட்ட 30 சதவிகிதம் விழுந்தும் வெறும் 8 இடம். தமிழர் விடுதலைக் கூட்டணி வாங்கியது 7 சதவிகிதத்துக்கும் குறைவு. ஆனால், அந்த ஓட்டெல்லாம் வடக்கிலும் கிழக்கிலும் திரண்டு விழுந்ததால் 18 இடம். அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார்.

கொஞ்சம் நின்று யோசித்தால் இதன் விபரீதம் புரியும். நூறு பேரில் முப்பது பேர் நம்பிய கட்சி சபையில் கண்ணுக்கே தெரியவில்லை. நூறு பேரில் ஐம்பத்தோரு பேர் நம்பிய கட்சிக்கு ஆறில் ஐந்து பங்கு பலம். அந்தப் பலம் இருந்தால் அரசியல் சட்டத்தையே மாற்றலாம். மாற்றினார்கள். 1978-ல் புது அரசியல் சட்டம் வந்தது. நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதி பதவி வந்தது. கூடவே, தன்னை அவ்வளவு உயரத்தில் ஏற்றிவிட்ட ஏணியையும் ஜெயவர்த்தன எடுத்துவிட்டார். தொகுதி முறை போய், விகிதாசார முறை வந்தது. மாவட்டத்தில் ஒரு கட்சி எவ்வளவு ஓட்டு வாங்குகிறதோ, கிட்டத்தட்ட அந்த அளவுக்கு இடம்.

நல்ல மாற்றம்தானே என்று தோன்றும். அந்த முறையில் நாடாளுமன்றத் தேர்தல் எப்போது நடந்தது தெரியுமா? 1989-ல்! நடுவில், 1982 டிசம்பரில், தேர்தலுக்குப் பதிலாக ஒரு பொது வாக்கெடுப்பு நடத்தி இருக்கிற நாடாளுமன்றத்தின் ஆயுளையே நீட்டிக்கொண்டார்கள். 51 சதவிகித ஓட்டில் கிடைத்த அந்த ராட்சத பலம் பன்னிரண்டு வருடம் அப்படியே உட்கார்ந்திருந்தது. அந்தப் பன்னிரண்டு வருடத்துக்குள்தான் 1983 ஜூலை. அதே வருடம் கொண்டுவந்த ஆறாவது திருத்தத்தின் உறுதிமொழியை ஏற்க மறுத்துக் கூட்டணி உறுப்பினர்கள் சபையை விட்டு விலக, தமிழர்களின் எதிர்க்கட்சி நாற்காலியும் காலியானது. எல்லாவற்றுக்கும் ஓட்டு எண்ணும் முறைதான் காரணம் என்று சொன்னால் அது அபத்தம். ஆனால், 1977-ல் ஓட்டுக்கேற்ற இடம் கிடைத்திருந்தால் அத்தனை கதவுகளையும் ஒரே கட்சியால் தனியாகத் திறந்திருக்க முடியாது.

விகிதாசாரம் வந்த பிறகு? ஓட்டுக்கும் இடத்துக்கும் இடைவெளி குறைந்தது. வேறு வினோதங்கள் முளைத்தன. அங்கே கட்சிக்கு ஓட்டுப் போட்டுவிட்டு, அந்தக் கட்சிப் பட்டியலில் மூன்று பேர்வரை தனக்குப் பிடித்தவர்களைக் குறிக்கலாம். விருப்பு வாக்கு என்பார்கள். விளைவு, ஒரே கட்சிக்காரர்கள் ஒருவர் போஸ்டர் மேல் இன்னொருவர் ஒட்டும் சண்டை. இன்னொன்று, தேசியப் பட்டியல். 225 இடங்களில் 29 பேர் மக்களிடம் நேரடியாக ஓட்டுக் கேட்காமல் கட்சி மூலம் வருபவர்கள். 2020-ல் ரணில் விக்கிரமசிங்க தோற்றார். அவர் கட்சி எந்த மாவட்டத்திலும் ஓர் இடம்கூட ஜெயிக்கவில்லை. தேசியப் பட்டியலில் கிடைத்த ஒரே ஓர் இடத்தில் அடுத்த வருடம் உள்ளே வந்தார். அதற்கடுத்த வருடம் அவர் ஜனாதிபதி!

பூத்தில் இரண்டு ஓட்டு

இலங்கையில் மேலே இருந்தவர்கள் மாற்றினார்கள். நியூசிலாந்தில் மக்களே மாற்றினார்கள். உலகத்தில் அபூர்வமாக நடக்கும் விஷயம் இது. ஜெயித்தவர்கள் தாங்கள் ஜெயித்த முறையை ஏன் மாற்றப்போகிறார்கள்?

1978-ல் அங்கே தொழிலாளர் கட்சி அதிக ஓட்டு வாங்கியும் நேஷனல் கட்சி ஆட்சி அமைத்தது. 1981-லும் அதே. அந்த 1981-ல் சோஷியல் கிரெடிட் என்ற மூன்றாவது கட்சிக்கு நூற்றுக்கு 20 பேருக்கு மேல் ஓட்டுப் போட்டிருந்தார்கள். 92 இடங்களில் அவர்களுக்குக் கிடைத்தது இரண்டு. ஐந்தில் ஒரு ஆள் ஓட்டுப் போட்ட கட்சி ஒரே ஆட்டோவில் ஏறி நாடாளுமன்றத்துக்குப் போய்விடலாம்.

அடுத்து வந்த தொழிலாளர் கட்சி அரசு இதை ஆராய ஆணையம் போட்டது. 1986-ல் ஆணையம், முறையையே மாற்றுங்கள் என்று அறிக்கை கொடுத்தது. அரசியல்வாதிகள் பரணில் போட்டார்கள். பிறகு 1987 தேர்தல் டிவி விவாதத்தில் பிரதமர் டேவிட் லாங்கி, கையிலிருந்த குறிப்பைத் தப்பாகப் படித்து, "மக்களிடம் பொது வாக்கெடுப்பு நடத்துவோம்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டதாக ஒரு கதை அங்கே பிரபலம். சொன்னது சொன்னதுதான். இரு பெரிய கட்சிகளும் இழுத்தடிக்க, மக்கள் கோபம் ஏற, 1992-ல் வாக்கெடுப்பு வந்தது. பழைய முறை வேண்டாம் என்றவர்கள் 84.7 சதவிகிதம். 1993-ல் இறுதி வாக்கெடுப்பு. புது முறைக்கு 53.9 சதவிகிதம். 1996-ல் முதல் தேர்தல்.

புது முறையில் பூத்துக்குள் போனால் இரண்டு ஓட்டு. ஒன்று, உங்கள் தொகுதி ஆளுக்கு. இன்னொன்று, கட்சிக்கு. தொகுதியில் நம் ஊர் மாதிரியே அதிகம் வாங்கியவர் ஜெயிப்பார். ஆனால், சபையில் ஒரு கட்சிக்கு மொத்தம் எத்தனை பேர் என்பதைக் கட்சி ஓட்டுதான் முடிவு செய்யும். 120 இடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்சிக்குப் பத்து சதவிகித ஓட்டு என்றால் சுமார் 12 இடம் வர வேண்டும். தொகுதிகளில் 4 பேர்தான் ஜெயித்தார்கள் என்றால் மீதி 8 பேரைக் கட்சியின் பட்டியலில் இருந்து எடுத்துக்கொள்ளலாம். ஜெர்மனியிடம் இருந்து எடுத்த யோசனை.

இந்த ஏற்பாட்டில் அம்முச்சி வாய்க்கால்காரருக்கு ஒரு ஓட்டு, ஆட்சிக்கு வர வேண்டிய கட்சிக்கு ஒரு ஓட்டு என்று நிம்மதியாகப் போட்டுவிட்டு வந்திருப்பார். மறுநாள் எதிரே வந்தால் வணக்கமும் சொல்லியிருப்பார்.

இதில் வேறு மாதிரி சங்கடம் இருக்கிறது. யாருக்கும் தனிப் பெரும்பான்மை சுலபத்தில் கிடைக்காது. 1996 அக்டோபரில் தேர்தல் முடிந்தும், வின்ஸ்டன் பீட்டர்ஸ் என்ற சின்னக் கட்சித் தலைவர் யார் பக்கம் சாய்வார் என்று தெரிய டிசம்பர் ஆகிவிட்டது. 2017-லும் அதே பீட்டர்ஸ். அதிக இடம் ஜெயித்த நேஷனல் கட்சி ஓரமாக நிற்க, இரண்டாவதாக வந்த தொழிலாளர் கட்சிக்கு அவர் கைகொடுத்தார். ஜசிந்தா ஆர்டெர்ன் பிரதமரானார். ஏழு சதவிகித ஓட்டு வாங்கியவர் பிரதமரை முடிவு செய்வது நியாயமா என்று அன்றைக்கு அங்கே பலர் கொதித்தார்கள். ஆனாலும், 2011-ல் இந்த முறை வேண்டுமா வேண்டாமா என்று மறுபடி கேட்டபோது, இருக்கட்டும் என்றவர்கள்தான் அதிகம், 57.8 சதவிகிதம்.

ஒன்று, இரண்டு, மூன்று

ஆஸ்திரேலியாவில் இன்னொரு வழி. அங்கே ஒரே ஓட்டுத்தான். ஆனால் சீட்டில் ஒருவருக்கு முத்திரை குத்தினால் போதாது. எல்லா வேட்பாளர்களுக்கும் 1, 2, 3 என்று வரிசையாக நம்பர் போட வேண்டும். யாருக்கும் பாதிக்கு மேல் 1 விழவில்லை என்றால், கடைசியில் இருப்பவரை நீக்கிவிட்டு, அவருடைய சீட்டுகளில் 2 என்று யாரைப் போட்டிருக்கிறார்களோ அவருக்குச் சேர்ப்பார்கள். யாராவது பாதியைத் தாண்டும்வரை இப்படியே.

இது வந்த கதை சுவாரஸ்யமானது. 1918-ல் ஸ்வான் என்ற தொகுதியில் இடைத்தேர்தல். வலதுசாரி ஓட்டு இரண்டு வேட்பாளர்களிடையே ஏறக்குறைய சமமாகப் பிரிந்தது. நடுவில் தொழிலாளர் கட்சியின் எட்வின் கார்பாய் 34 சதவிகித ஓட்டிலேயே ஜெயித்துவிட்டார். வயது 22! ஆளுங்கட்சி அதிர்ந்துபோய் அவசர அவசரமாக நம்பர் முறையைச் சட்டமாக்கியது. அடுத்த இடைத்தேர்தலிலேயே பலன் தெரிந்தது. முதல் எண்ணிக்கையில் முந்திய தொழிலாளர் கட்சி வேட்பாளர், 2 என்ற நம்பர்களைச் சேர்த்ததும் தோற்றார். அவர் ஜேம்ஸ் ஸ்கல்லின். பதினோரு வருடம் கழித்துப் பிரதமரே ஆனவர். ஆக, இந்த முறை வந்தது ஜனநாயகத்தின் மீதான பாசத்தால் மட்டுமல்ல. நம் ஓட்டைப் பிரித்துவிட்டார்களே என்ற பழைய வயிற்றெரிச்சல்தான்.

ஓட்டுப் போடுவதும் அங்கே 1924-ல் இருந்து கட்டாயம். போடாவிட்டால் 20 டாலர் அபராதம். வாசலில் சுடச்சுட சாசேஜ் விற்பார்கள், அதற்கு 'டெமாக்ரசி சாசேஜ்' என்றே பெயர். யோசிக்கச் சோம்பேறித்தனமாக மேலிருந்து கீழே 1, 2, 3 என்று போட்டுவிட்டு வருபவர்களும் உண்டு. அதற்குக் 'கழுதை ஓட்டு' என்று செல்லப் பெயர். மொடக்குறிச்சிக்கு அங்கேயும் ஒரு ஒன்றுவிட்ட சகோதரி இருக்கிறாள். 1999-ல் நியூ சவுத் வேல்ஸ் மேலவைத் தேர்தலில் 264 வேட்பாளர்கள். ஓட்டுச் சீட்டு கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம். 'மேசை விரிப்பு' என்று கிண்டல் செய்தார்கள். நாம் புத்தகமாகத் தைத்தோம், அவர்கள் விரிப்பாக விரித்தார்கள்.

இது ஏதோ வெளிநாட்டுச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். இந்தியாவிலேயே இருக்கிறது. நமக்குத்தான் கொடுக்கவில்லை. ராஜ்ய சபா எம்.பி-க்களைத் தேர்ந்தெடுக்கும்போது நம் எம்.எல்.ஏ-க்கள் பட்டன் அமுக்குவதில்லை, நம்பர்தான் போடுகிறார்கள். தமிழ்நாட்டில் 234 பேர் ஓட்டுப் போட்டு 6 இடம் நிரப்ப வேண்டும் என்றால், 34 பேர் ஆதரவு இருந்தாலே ஓர் இடம் உறுதி. அதனால்தான் எதிர்க்கட்சிக்கும் அங்கே பங்கு கிடைக்கிறது. ஜனாதிபதி தேர்தலும் அப்படியே. 1969-ல் வி.வி.கிரிக்கும் சஞ்சீவ ரெட்டிக்கும் நடந்த போட்டியில் முதல் சுற்றில் யாருக்கும் பாதி கிடைக்கவில்லை. மூன்றாவதாக வந்த சி.டி.தேஷ்முக்கின் சீட்டுகளில் இருந்த இரண்டாவது விருப்பத்தையும் எண்ணிய பிறகுதான் கிரி பாதியைத் தாண்டினார். எம்.எல்.ஏ-க்களின் ஓட்டு வீணாகக் கூடாது என்று இவ்வளவு கவனம் எடுத்த நாம், அவர்களைத் தேர்ந்தெடுக்கும் அம்முச்சிக்கு ஒரே ஒரு பட்டனைக் கொடுத்திருக்கிறோம்!

பட்டியலில் வந்தவர் வீடு எங்கே?

இவ்வளவையும் திண்ணையில் உட்கார்ந்து விளக்கி முடித்தபோது எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. அம்முச்சி வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவே இல்லை. கடைசியில் ஒரே கேள்வி.

"பட்டியல்ல வந்தவரு ஊடு எங்கிருக்கும்?"

புரியவில்லை எனக்கு.

"ரேஷன் கார்டுல பேரு உட்டுப்போச்சுன்னா நம்ம எம்.எல்.ஏ ஊட்டுக்குப் போலாம். இன்னாரு நம்ம ஆளுன்னு தெரியும். பட்டியல்ல வந்தவரை எங்கீன்னு போய்த் தேடறது?"

அரசியல் விஞ்ஞானிகள் பக்கம் பக்கமாக எழுதுகிற ஆட்சேபம் இது. விகிதாசாரத்தில் பொறுப்பாளி யார் என்ற கேள்வி எல்லா நாட்டிலும் உண்டு. இஸ்ரேலில் நாடே ஒரே தொகுதி. 2019-க்கும் 2022-க்கும் நடுவில் ஐந்து பொதுத் தேர்தல் நடத்திவிட்டார்கள். பெல்ஜியம் 2010-11-ல் 541 நாள் நிரந்தர அரசே இல்லாமல் இருந்தது. விகிதாசாரத்திலும் ஓட்டு வீணாகாமல் இல்லை. ஜெர்மனியில் ஐந்து சதவிகிதம் தாண்டினால்தான் பட்டியலில் இடம். 2025-ல் சாரா வாகன்கனெக்ட் ஆரம்பித்த கட்சி 4.98 சதவிகிதத்தில் நின்றுவிட்டது. கிட்டத்தட்ட 25 லட்சம் ஓட்டு. பத்தாயிரத்துக்கும் குறைவான ஓட்டு கூடுதலாகக் கிடைத்திருந்தால் உள்ளே.

அம்முச்சியின் கேள்விக்கு நியூசிலாந்தின் இரட்டை ஓட்டு ஓரளவு பதில் சொல்கிறது; தொகுதி ஆளும் இருக்கிறார், கட்சிப் பங்கும் இருக்கிறது. என்னைக் கேட்டால், நம் சட்டமன்றத்துக்கு முதலில் பரீட்சித்துப் பார்க்க வேண்டியது நம்பர் முறைதான். தொகுதி அப்படியே இருக்கும், எம்.எல்.ஏ வீடும் அதே இடத்தில் இருக்கும். சுயேச்சைக்கு 1 போட்டுவிட்டு, பெரிய கட்சிக்கு 2 போடலாம். சின்னக் கட்சிகளைப் பார்த்து "ஓட்டைப் பிரிக்க வந்தவர்" என்று திட்டும் பேச்சுக்கும் வேலை இருக்காது. ஆனால், சட்டம் இருந்தால் மட்டும் போதுமா என்பதற்கு மறுபடியும் இலங்கைதான் சாட்சி. அங்கே ஜனாதிபதி தேர்தலில் 1, 2, 3 போடும் வசதி 1982-ல் இருந்தே நடைமுறையில் இருக்கிறது. 2024-ல்தான் முதன்முறையாக யாரும் பாதியைத் தாண்டாமல் இரண்டாவது சுற்று எண்ண வேண்டிவந்தது. அநுர குமார திசாநாயக்க 42.31 சதவிகிதம், சஜித் பிரேமதாச 32.76. நீக்கப்பட்ட மற்ற வேட்பாளர்களின் சீட்டுகள் 33 லட்சத்துக்கும் மேல். அவற்றில் இந்த இருவரில் ஒருவருக்கு விருப்பம் குறித்து, கணக்கில் சேர்ந்தவை சுமார் 2.73 லட்சம் மட்டுமே. பத்தில் ஒன்றுகூட இல்லை. மற்றவர்கள் ஒருவருக்கு மட்டும் போட்டுவிட்டோ, இந்த இருவரையும் விட்டுவிட்டோ போய்விட்டார்கள்.

ஏன் என்று எனக்கு அன்று சாயங்காலம் ஓரளவு புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை எங்கே போகலாம் என்று வீட்டில் சண்டை. ஒன்பது பேர் இருந்தோம். ஆஸ்திரேலியா முறையில் ஓட்டுப் போடலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். பழைய காலண்டர் தாளைக் கிழித்துச் சீட்டு தயார். கொடிவேரி, ஊட்டி, பழனி. நம்பர் போடச் சொன்னேன். முதல் எண்ணிக்கை: கொடிவேரி 4, ஊட்டி 3, பழனி 2. நம் முறை என்றால் கொடிவேரி ஜெயித்தாயிற்று, ஐந்து பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்கள். பழனியை நீக்கினேன். பழனிக்குப் போட்ட இருவரில் பெரியப்பா 2 என்று ஊட்டிக்குப் போட்டிருந்தார். இன்னொரு சீட்டில் பழனிக்கு 1 மட்டும் இருந்தது. மற்ற இரண்டும் காலி. கையெழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"அம்முச்சி, ரெண்டாவது யாருக்குன்னு போடலையா?"

"முருகனுக்குப் போட்டுப்போட்டு அப்புறம் எவனுக்குப் போடறது?"

நாலுக்கு நாலு. சம ஓட்டு விழுந்தால் நம் சட்டப்படி குலுக்கல்தான். இரண்டு சீட்டை டம்ளரில் போட்டுக் குலுக்கி அம்முச்சி முன்னால் நீட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். கொடிவேரி.

அடுத்த ஞாயிறு பழனி என்று சொல்லியிருக்கிறோம். பெரியப்பா கார் எடுத்து வருகிறார்.